ஏற்காட்டைப் படிக்க எந்தக் கல்லூரி?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுபவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பார்க்கத் தாராளமாக நேரம் கிடைக்கும். மொத்தம் இருபது. மேலிருந்து இறங்கும் பேருந்து ஒரு வளைவைத் திரும்பி முடிப்பதற்குள் கீழே பத்துப் பதினைந்து கார்கள் வரிசை கட்டிவிடும். ஒருவர் இறங்கிச் செல்ஃபி எடுப்பார். இன்னொருவர் குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருப்பார். பின்னால் ஏதாவது ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடிக்கும்.

மேலே போனால் ஏரி, படகு இல்லம், மிளகாய் பஜ்ஜிக் கடைகள், அறைக்கு ஆள் பிடிக்கும் இளைஞர்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,515 மீட்டரில். முப்பது கிலோமீட்டர் பயணத்தில் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். குளிர் உடலுக்கு உடனே தெரிகிறது. அந்த மலைமேல் இவ்வளவு வண்டிகளும் அறைகளும் கழிவுநீரும் எங்கே போய் நிற்கும் என்பது உடனே தெரிவதில்லை.

இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பார்களா? பார்ப்பதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. நகரமைப்பு, நகர் ஊரமைப்பு, அர்பன் பிளானிங் என்று பல பெயர்கள். சேலம் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால், "அப்ரூவல் வாங்கித் தர்ற வேலைங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பேருந்துப் பின்புறத்திலும் சுவரிலும் செய்தித்தாளிலும் நாம் படித்ததெல்லாம் 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு பிளாட்' விளம்பரங்கள் (டி.டி.சி.பி. என்பது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஆங்கிலச் சுருக்கம்). ஒரு துறையையே மனை விற்பனையின் அடைமொழியாக்கி வைத்திருக்கிறோம்.

இந்தக் கட்டுரை அந்தப் படிப்பில் முதுகலை சேர நினைக்கும் பிள்ளைகளுக்கானது. எங்கே விண்ணப்பிப்பது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று பேசுமுன், உரைகல்லாக ஓர் ஊரைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டை விட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

ஏன் ஏற்காடு?

முதலில், அது நகரமா கிராமமா என்றே சட்டென்று சொல்ல முடியாது. விடுமுறை நாளில் கூட்டத்தைப் பார்த்தால் நகரம். நிர்வாகத்தில் நெடுங்காலமாக அது ஊராட்சி ஒன்றியம்: ஒன்பது ஊராட்சிகள், அறுபத்தேழு கிராமங்கள். அந்தக் கிராமங்களில் பெரும்பாலானவற்றில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள் ('மலையாளி' என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்). மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அவர்கள் மலைமுகட்டில் கூடும் காலத்தில்தான் கீழே ஏரியோரம் அரசின் கோடை விழாவும் நடக்கிறது. ஒரே மலைக்கு ஒரே பருவத்தில் இரண்டு கூட்டம், இரண்டு காரணம்.

நிலத்தின் கதையும் சிக்கலானது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். பிறகு தோட்டங்கள், நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள், அதில் படரும் மிளகு, ஊடே ஆரஞ்சு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையில் பாக்சைட் வெட்டினார்கள். இன்று காபித் தோட்டத்துக்கு நடுவே தங்கும் விடுதிகளும் பங்களா மனைகளும் முளைக்கின்றன. ஒரே சரிவில் காடு, தோட்டம், பழைய சுரங்கம், பழங்குடிக் குடியிருப்பு, ரிசார்ட் எல்லாம் அடுத்தடுத்து.

பிறகு தண்ணீர். ஏரி நிரம்பினால் மிகுநீர் கிளியூர் அருவியாக விழுகிறது. இந்த மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடிக் காவிரிக்குப் போகிறது. சரபங்காவும் இந்த மலையின் பிள்ளைதான். மேலே ஒரு விடுதி தன் கழிவை எங்கே விடுகிறது என்பது கீழே இருப்பவர்களின் பிரச்சினை. ஊராட்சி எல்லை தண்ணீருக்குத் தெரியாது.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. மலைப்பகுதிகளுக்கென்று 1990-ல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைத்தார்கள். அதிகாரிகள் வாயில் அது 'ஹாக்கா'. குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமத்தில் கட்ட வேண்டுமென்றால் வனத் துறை, கனிம வளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல கருத்துரைகள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியே 'சரி', 'இல்லை' சொல்வது வேறு. மலை மொத்தமாக எத்தனை கட்டடத்தை, எத்தனை வண்டியைத் தாங்கும் என்று கேட்பது வேறு. முதலாவது அனுமதி. இரண்டாவதுதான் திட்டம்.

இரண்டாவது கேள்வி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்றம் வழியாக வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் அங்கே செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. எவ்வளவு வண்டி தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது. 2025 கோடைக்கு உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த உத்தரவில் ஏற்காடு இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைச் சாலையில் மண்ணும் பாறையும் சரிந்தபோது, வண்டி எண்ணிக்கைக்கும் சரிவின் உறுதிக்கும் என்ன தொடர்பு என்று தேநீர்க் கடைகளில் நிறையப் பேசினோம். பேசியதோடு சரி.

ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே கிடையாது. மாநிலங்களின் நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கு மேற்பட்ட திட்டவியலாளர் பணியிடங்கள் தேவை. ஒப்புதல் பெற்ற இடங்கள் 4,000-க்கும் குறைவு. அவற்றிலும் பாதிக்கு அருகில் காலி. சில மாநிலங்களில் அந்தப் பதவிக்கு இந்தப் படிப்பு கட்டாயத் தகுதியே இல்லை என்றும் அந்த அறிக்கை குறைபட்டுக்கொண்டது.

யார் போகலாம்?

சேலத்தில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) அர்பன் பிளானிங் என்றதும், "பி.ஆர்க். முடிச்சிருக்கணுமே சார்" என்று முடித்துவிட்டார்கள். அது பாதி உண்மைகூட இல்லை.

இந்தியாவில் எம்.பிளான் என்ற இரண்டாண்டுப் படிப்புக்கு வாசல்கள் பல. பி.ஆர்க்., பி.பிளான் முடித்தவர்கள் போகலாம். பி.இ. சிவில் முடித்தவர்கள் போகலாம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் 1966-லிருந்து சிவில் படித்து வெளியே வரும் சேலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? புவியியல், பொருளியல், சமூகவியல் போன்ற பாடங்களில் முதுகலை முடித்தவர்களையும் பல பள்ளிகள் எடுக்கின்றன. இந்தக் கடைசி வாசல்தான் அதிகம் தெரியாதது. என் கணக்கில் ஏற்காட்டுக்கு மிகவும் தேவையான வாசலும் அதுதான். நிலத்தை வரையத் தெரிந்தவர்கள் ஓரளவு இருக்கிறார்கள். நிலத்தில் யார் வாழ்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள், எந்தப் பட்டா எப்படிக் கைமாறியது என்று கேட்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

தேர்வு பெரும்பாலும் கேட். அதில் 'கட்டிடக்கலையும் திட்டமிடலும்' என்று ஒரு தாள். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். பொதுப்பகுதி போக, கட்டிடக்கலை அல்லது திட்டமிடல் என்று ஒன்றைத் தேர்ந்து எழுதலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். மத்திய அரசின் திட்டமிடல் பள்ளிகளுக்கும் என்.ஐ.டி.களுக்கும் சி.சி.எம்.டி. என்ற ஒற்றைக் கலந்தாய்வு. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு சீட்டா-பி.ஜி. என்ற மாநில நுழைவுத் தேர்வும் உண்டு. கேட் தகுதியோடு சேர்பவர்களுக்கு அரசு நிறுவனங்களில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழியிருக்கிறது. டெல்லியில் அறை வாடகைக்கு அது போதாது. வீட்டில் கேட்கும் பணத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

எம்டன் மூழ்கடித்த பாடம்

பள்ளிகளைப் பற்றிப் பேசுமுன் ஒரு பழைய கதை. எம்டன் என்றால் நமக்கு 1914 செப்டம்பரில் மதராஸ் மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பல். அடுத்த மாதமே அது கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் இருந்தது ஒரு நகரமைப்புக் கண்காட்சி. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் உலக நகரங்களின் வரைபடங்களையும் படங்களையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து, மதராஸ் மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்கு அனுப்பியிருந்தார். எல்லாம் கடலடியில். நண்பர்கள் உதவியோடு அவசரமாக மறுபடி சேர்த்து, 1915 ஜனவரியில் மதராஸில் கண்காட்சியை நடத்திவிட்டார் மனிதர்.

கெடிஸ் அடிப்படையில் உயிரியல் படித்தவர். தஞ்சாவூர், மதுரை போன்ற ஊர்களுக்குப் போய் அறிக்கை எழுதினார். அவருடைய முறை எளிது: முதலில் நட, பார், யார் எப்படி வாழ்கிறார்கள் என்று கேள், பிறகுதான் கோடு போடு. நேராகச் சாலை போட வீடுகளை இடிப்பதை விட்டு, மிகச் சில இடங்களை மட்டும் தொட்டு ஊரை மூச்சு விட வைக்கலாம் என்றார். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. உலகில் முதல் நகரமைப்புக் கல்வித் துறையை லிவர்பூல் பல்கலைக்கழகம் தொடங்கியது 1909-ல்தான் என்பதைப் பார்த்தால், நாம் ஒன்றும் தாமதமாக வந்தவர்கள் இல்லை. வந்த இடத்திலேயே நின்றுவிட்டோம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒரு திட்டமிடல் பள்ளியின் உயிர் 'ஸ்டூடியோ'தான். ஒரு பருவம் முழுக்க மாணவர்கள் குழுவாக ஓர் ஊருக்குப் போவார்கள். வீடு வீடாகக் கணக்கெடுப்பார்கள், வண்டி எண்ணுவார்கள், வரைபடம் போடுவார்கள், திட்டம் எழுதி ஆசிரியர்கள் முன் அடி வாங்குவார்கள். ஆகவே ஒரு பள்ளியைப் பற்றி நான் முதலில் கேட்பது தரவரிசை எண்ணை அல்ல. போன மூன்று ஆண்டுகளில் உங்கள் ஸ்டூடியோ எந்த ஊர்களுக்குப் போனது? மலையூர் ஏதாவது உண்டா? சிற்றூர் உண்டா? போன ஊரில் யாரிடம் பேசினீர்கள், ஆணையரிடம் மட்டுமா? இந்தக் கேள்விகளை அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டால் அரை மணி நேரத்தில் பள்ளியின் குணம் தெரிந்துவிடும். கையேடு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

ஒரே ஏற்காடு, நான்கு கண்ணாடி

டெல்லித் திட்டமிடல், கட்டிடக்கலைப் பள்ளிக்கு (எஸ்.பி.ஏ.) நீண்ட வரலாறு. 1955-ல் நகர் ஊரமைப்புப் பள்ளியாகத் தொடங்கி, 1959-ல் கட்டிடக்கலைத் துறையோடு இணைந்தது. அங்கே எம்.பிளான் என்பது ஒரே படிப்பு அல்ல. நகர்ப்புறம், வட்டாரம், போக்குவரத்து, சுற்றுச்சூழல், வீட்டுவசதி என்று தனித்தனிப் பிரிவுகள். விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்பார்கள். பல பிள்ளைகள் யோசிக்காமல் நகர்ப்புறத்தை முதலில் போட்டு, கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். எது கிடைத்தாலும் எம்.பிளான்தானே என்ற நினைப்பு.

இங்கேதான் ஏற்காட்டை உரசிப் பார்க்க வேண்டும்.

போக்குவரத்துப் பிரிவில் படித்தவர் ஏற்காட்டுக்கு வந்தால் இருபது வளைவுகளைப் பார்ப்பார். மணிக்கு எத்தனை வண்டி, எந்த வளைவில் தேக்கம், அடிவாரத்தில் கார்களை நிறுத்திவிட்டுச் சிற்றுந்து விட்டால் என்ன ஆகும், மாற்றுச் சாலையான குப்பனூர் வழியை இறங்க மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவார். சாலையை அகலப்படுத்தினால் கூட்டம் குறையுமா, கூடுமா என்ற கேள்விக்கு அவரிடம் சூத்திரமே இருக்கும். கூடும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்.

சுற்றுச்சூழல் பிரிவில் படித்தவர் சாலையைப் பிறகு பார்ப்பார். சரிவின் கோணம், மண்ணின் ஆழம், மழைநீர் ஓடும் ஓடைகள், பழைய பாக்சைட் வெட்டுகள், ஏரிக்கு வந்து சேரும் சாக்கடை. எங்கே கட்டலாம் என்பதை விட எங்கே கட்டவே கூடாது என்று முதலில் குறிப்பார். 2024 ஜூலையில் வயநாட்டில் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு இந்த வரைபடம் இல்லாத மலையூர்த் திட்டம் எதுவும் திட்டமே அல்ல என்பது என் கட்சி.

வட்டாரப் பிரிவில் படித்தவர் மலையிலேயே நிற்கமாட்டார். திருமணிமுத்தாற்றோடு சேலத்துக்கு இறங்குவார். காபி விலை விழுந்தால் தோட்டம் ஏன் மனையாகிறது, மாரமங்கலத்திலும் நாகலூரிலும் இருக்கும் பிள்ளை ஏன் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறது, விடுதி வருமானத்தில் கிராமத்துக்கு எவ்வளவு தங்குகிறது என்று கேட்பார். நிர்வாகத்தில் கிராமமாகவும் நடப்பில் நகரமாகவும் இருந்துவந்த இடத்துக்கு இந்தக் கண்ணாடிதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பலரின் விருப்ப வரிசையில் வட்டாரத்துக்குக் கடைசி இடங்களில் ஒன்றுதான்.

நகர்ப்புறப் பிரிவில் படித்தவருக்கு ஏரியைச் சுற்றிய அரை மைல் போதும்: கடைகள், நடைபாதை, நிறுத்துமிடம், தளப்பரப்பு விகிதம். அதுவும் வேண்டியதுதான். சிம்லாவுக்கான 2041 வளர்ச்சித் திட்டத்தை முன்வைத்து எத்தனை மாடி அனுமதிக்கலாம் என்ற சண்டை பசுமைத் தீர்ப்பாயத்திலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போய், 2024 ஜனவரியில்தான் திட்டத்துக்குச் சாதகமாக முடிந்தது. மலையூரில் ஒரு மாடி என்பது சின்ன விஷயம் அல்ல.

பள்ளிக்குப் பள்ளி சுவை மாறும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலை, திட்டமிடல் பள்ளியின் பெரிய பலம், தமிழ்நாட்டுச் சட்டமும் விதியும் அலுவலகங்களும் பக்கத்திலேயே இருப்பது. பாடத்தில் படித்த விதியை மறுநாள் அலுவலகத்தில் போய்ச் சரிபார்க்கலாம். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், பாலகிருஷ்ண தோஷி 1962-ல் தொடங்கிய கட்டிடக்கலைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. திட்டமிடல் பள்ளி 1972-ல் சேர்ந்தது. அகமதாபாத்தின் விரைவுப் பேருந்துத் தடத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்தவர்களும் அவர்கள்தான். நிலத்தைச் சேர்த்துப் பிரித்துச் சாலைக்கு இடமெடுக்கும் குஜராத் முறையை அங்கே ஆழமாகக் கற்கலாம். கட்டணம் அரசுப் பள்ளிகளைவிட மிகவும் அதிகம். காரக்பூர் ஐ.ஐ.டி.யின் நகரத் திட்டமிடல் முதுகலையில் எண்ணும் கணக்கும் தூக்கல். போபால், விஜயவாடா எஸ்.பி.ஏ.க்கள் 2008-ல் வந்தவை. கோழிக்கோடு என்.ஐ.டி.யிலும் எம்.பிளான் உண்டு, மேற்குத் தொடர்ச்சி மலை கூப்பிடு தூரத்தில். டேராடூனின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தில் செயற்கைக்கோள் படம் வைத்து நகர்ப்புற ஆய்வு படிக்கலாம். மலைச்சரிவை அளக்க நினைப்பவர்களுக்கு அது நல்ல இடம்.

எங்கே சேர்ந்தாலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1951-லிருந்து இயங்கும் இந்திய நகரத் திட்டமிடுவோர் நிறுவனம் அந்தப் பட்டத்தை அங்கீகரித்திருக்கிறதா? நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிக்கை விடும்போது பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். 'நிலைத்த நகரங்களும் புத்தாக்கமும்' என்பது மாதிரி கேட்க நன்றாக இருக்கும் பெயர்கள் அப்போது தலைவலி கொடுக்கும்.

கடல் தாண்டினால்

வெளிநாட்டுப் படிப்புக்குக் காலண்டரே வேறு. அமெரிக்கப் பள்ளிகளுக்கு டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும், மார்ச்சில் பதில், உதவித்தொகையோடு வந்த அழைப்புக்குப் பெரும்பாலும் ஏப்ரல் 15-க்குள் சொல்ல வேண்டும். படிப்பு இரண்டு ஆண்டு. ஜி.ஆர்.இ. கேட்பதைப் பல பள்ளிகள் விட்டுவிட்டன. எம்.ஐ.டி., பெர்க்லி, ஹார்வர்டு என்று பெரிய பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாத கேள்வி இது: இந்தப் படிப்பு எந்த வகைக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது? படித்து முடித்த பிறகு அங்கே வேலை பழக ஓராண்டு அனுமதி எல்லாருக்கும் உண்டு. அறிவியல், தொழில்நுட்பக் குறியீட்டில் பதிவான படிப்பென்றால் மேலும் 24 மாதம். திட்டமிடல் படிப்பு ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தக் குறியீட்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கடன் வாங்கிப் போகிறவர் விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் ஓராண்டுதான். ஓராண்டு முதுகலையை இந்தியா ஏற்குமா என்ற பழைய கவலை 2022-ல் இரு நாட்டு ஒப்பந்தத்தோடு தீர்ந்தது. லண்டன் யு.சி.எல்.லில் வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு நம்மைப் போன்ற நாடுகளைப் பற்றியே யோசிக்கும் இடம். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். நாஜிகளிடமிருந்து தப்பிவந்து மைசூர் சமஸ்தானத்தில் கட்டிடக்கலைஞராக இருந்தவர், புவனேஸ்வரத்தின் திட்டத்தைப் போட்டவர். நம் ஊரில் கற்றதை அங்கே பாடமாக்கியிருக்கிறார்கள் என்றும் சொல்லலாம். நெதர்லாந்தில் ராட்டர்டாம், என்ஸ்ஹெடே; பாங்காக் அருகே ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம் (ஏ.ஐ.டி.); சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகம்; பக்கத்திலேயே இலங்கை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, கிராமத் திட்டமிடல் துறை. மலைச்சரிவும் தேயிலைத் தோட்டமும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பும் சேர்ந்த பிரச்சினையை நுவரெலியாக்காரர்களை விட நமக்குச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

பணம் பெரிய மலை. செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் (2,800 மணி நேரம்) வேண்டும். முடித்ததும் நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகை நகர், வட்டாரத் திட்டமிடலைத் தன் பாடப் பட்டியலில் வைத்திருக்கிறது. மூன்றாண்டு அனுபவம் கேட்கும். ஜெர்மனியின் டாட் வளர்ச்சித் துறை உதவித்தொகைக்கும் இரண்டாண்டு. 1892-ல் ஏற்படுத்திய ஜே.என். டாடா அறக்கட்டளை கடன் உதவித்தொகை தருகிறது. பழங்குடி மாணவர்களுக்கு மத்தியப் பழங்குடியினர் நலத் துறை ஆண்டுக்கு இருபது பேருக்கு வெளிநாட்டு உதவித்தொகை ஒதுக்குகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு இருக்கிறது. சேலம் மாவட்ட மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அந்த இருபதில் ஒன்று ஏற்காட்டுக்கு வரத் தடையாக இருப்பது விதி அல்ல, தகவல்தான்.

நோக்க அறிக்கையில் என்ன எழுதுவது?

எஸ்.ஓ.பி. என்று சொல்லும் நோக்க அறிக்கையை எழுத இப்போது காசு வாங்கிக்கொண்டு ஆள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும்: சின்ன வயதிலிருந்தே நகரங்கள்மீது எனக்குத் தீராத ஆர்வம். தேர்வுக் குழுவில் இருப்பவர் அன்று காலையில் மட்டும் இருபது தீராத ஆர்வங்களைப் படித்திருப்பார்.

ஏற்காட்டுப் பெண் ஒருத்தி விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தொடங்க வேண்டிய இடம் இப்படி இருக்கலாம்: கோடை விடுமுறை ஞாயிறு ஒன்றில், பிரசவ வலியில் இருந்த அக்காவை ஏற்றிய ஆம்புலன்ஸ் எட்டாவது வளைவில் முக்கால் மணி நேரம் நின்றது. அன்றிலிருந்து அடுத்தடுத்து நான்கு ஞாயிறுகள் அந்த வளைவில் நின்று வண்டி எண்ணினாள். பேருந்து எத்தனை, கார் எத்தனை, வெளிமாநிலப் பதிவு எத்தனை, ஒரு காரில் சராசரி எத்தனை தலை. எண்ணியதில் தெரிந்தது இது, தெரியாதது இது, தெரியாததைத் தெரிந்துகொள்ள உங்கள் பள்ளியின் இந்த ஆசிரியரின் இந்தப் பாடம் வேண்டும்.

இதில் அழகு தமிழும் வேண்டாம், அடுக்கு ஆங்கிலமும் வேண்டாம். நோட்டுப் புத்தகமும் நான்கு ஞாயிறும் போதும். கட்டிடக்கலை படிக்காத பிள்ளைகளிடம் பள்ளிகள் கேட்கும் 'போர்ட்ஃபோலியோ'வுக்கும் இதே எண்ணிக்கையை ஒரு வரைபடத்தில் போட்டால் முதல் பக்கம் தயார். பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகும்போதும் இதைக் கையில் கொண்டு போகலாம். பேராசிரியர்கள் 'இவர் ஒழுக்கமானவர்' என்று மட்டும் எழுதுவதற்குக் காரணம், எழுத வேறு எதையும் நாம் கொடுக்காததுதான்.

மூன்று கடிதங்கள்

அவளுக்கு ஏப்ரலில் மூன்று கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லண்டனில் ஓராண்டு, பாதிக் கட்டணச் சலுகை. டெல்லியில் வட்டாரப் பிரிவு. சென்னையில் எம்.பிளான். வீட்டில் எல்லாரும் லண்டன் என்பார்கள். சொந்தக்காரர்கள் ஏற்கெனவே லண்டன் என்று ஊரில் சொல்லிவிட்டிருப்பார்கள்.

நான் லண்டனை இப்போது ஒதுக்கச் சொல்வேன். திட்டமிடல் பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டத்தில் நடக்கிற வேலை. 1971 சட்டத்தின் பிரிவுகளும், ஹாக்கா கோப்பு எந்த மேசையில் நிற்கும் என்பதும், பட்டா, நத்தம், புறம்போக்கு மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பதும் லண்டனில் கிடைக்காது. பாதிக் கட்டணத்துக்கு வாங்கும் கடன், முடித்த அன்றே அதிகச் சம்பளம் தருகிற வேலையைத் தேட வைக்கும். அது ஏற்காட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்காது. டெல்லியிலோ சென்னையிலோ படித்துவிட்டு மூன்றாண்டு இங்கே வேலை செய்தால், செவனிங், ஃபுல்பிரைட், டாட் மூன்றின் அனுபவ நிபந்தனையும் தானாக நிறைவேறிவிடும். அப்போது முழுப் பணத்தோடு போகலாம், கேட்கக் கேள்வியும் கையில் இருக்கும். முழு உதவித்தொகையே இப்போது வந்துவிட்டதென்றால் கதை வேறு, போய்விட்டு வரட்டும்.

டெல்லியா சென்னையா? தமிழ்நாட்டு அரசுத் துறைதான் இலக்கு என்றால் சென்னை. மலையை மலையாகப் படிக்க வேண்டுமென்றால் டெல்லியின் வட்டாரப் பிரிவு. அங்கே உத்தராகண்ட், இமாசலப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களோடு பேசுவதே பாதிப் பாடம். நானாக இருந்தால் டெல்லிக்கு ரயில் ஏறுவேன். மறுப்பவர்கள் இருப்பார்கள்.

சில பள்ளிகளில் ஸ்டூடியோவுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும்போது மாணவர்களிடமும் யோசனை கேட்பதுண்டு. அவள் கை தூக்கினால், டெல்லியிலிருந்து ஒரு கூட்டம் பிள்ளைகள் அளவு நாடாவும் மடிக்கணினியும் எடுத்துக்கொண்டு சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கும். தங்க மஞ்சக்குட்டைப் பக்கம் இடம் பார்த்துவிடலாம். வண்டி எண்ணும் வேலையை மட்டும் வார நாளில் வைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டாவது வளைவில் இரண்டு பேர், ஏறும் வண்டிக்கு ஒருவர், இறங்கும் வண்டிக்கு ஒருவர்.